முதுமையின் அணையாத் தணலும் உடற்பயிற்சியும்

காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை அழற்சி என்கிறோம். இந்நான்கு அடையாளங்களையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோம நூலாசிரியர் செல்சஸ் வகுத்துரைத்தார். அழற்சி நோயன்று, கிருமிகளை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் மூட்டும் தீ. வேலை முடிந்ததும் அது அணைந்துவிட வேண்டும்.

முதுமையிலோ, வெளிப்படையான காரணம் ஏதுமின்றியே அத்தீ சிறு தணலாய் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருப்பதுண்டு. இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் இதற்கு 'முதுமை அழற்சி' என்னும் பொருள்படப் பெயர் சூட்டினார். வலியோ வீக்கமோ இராது. இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்றவற்றின் அளவு சற்றே உயர்ந்து நிற்பதே அதன் அடையாளம். இதய நோய், நீரிழிவு, தசைத் தேய்வு ஆகியவற்றோடு இதற்கு நெருங்கிய தொடர்புண்டு.

இத்தணலுக்கு விறகிடுபவை பல. பிரிவதை நிறுத்திவிட்ட மூப்புற்ற உயிரணுக்கள் அழற்சிப் பொருள்களைக் கசியவிடுகின்றன. வயிற்றினுள் சேரும் கொழுப்பும் அவ்வாறே செய்கிறது. உடலுழைப்பு குறையக் குறையக் கொழுப்பு பெருகித் தசை சுருங்குகிறது.

இங்கே உடற்பயிற்சி என்ன செய்கிறது? தசை என்பது உடலை அசைக்கும் கருவி மட்டுமன்று. அது சுரப்பியைப் போலவும் செயற்படுகிறது. இயங்கும் தசை வெளியிடும் இத்தகைய பொருள்களுக்கு, டென்மார்க்கின் பெண்டே பீடர்சன் குழுவினர் 2003இல் 'மயோகைன்' எனப் பெயரிட்டனர். அவற்றுள் முதன்மையானது, வியப்புக்குரிய வகையில், அதே இன்டர்லூக்கின்-6! அழற்சிக்கு அடையாளமான பொருளே அழற்சியைத் தணிப்பது எங்ஙனம்? கொழுப்பிலிருந்து அது இடையறாது கசிகிறது; டி.என்.எஃப். முதலிய அழற்சிப் பொருள்களும் உடன்வருகின்றன. தசையிலிருந்தோ, அது பயிற்சியின்போது மட்டும் எழுந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவற்றைத் தூண்டியும் செல்கிறது. பொருள் ஒன்றே; வருமிடமும் காலமுமே விளைவை வேறாக்குகின்றன.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள 424 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. ஓராண்டு பயிற்சி செய்தோரிடம், உடல்நலப் பாடம் மட்டும் கேட்டோரைவிட இன்டர்லூக்கின்-6 குறைந்திருந்தது. சி-ரியாக்டிவ் புரதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே பயிற்சி பயனளிப்பது உண்மை. அதனைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுவது மிகை.

பயிற்சியின் அளவு யாது? 65 வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியும், இரு நாள்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள்கள் உடற்சமநிலையைப் பேணும் பயிற்சியும் செய்ய வேண்டுமென 2020இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் உடற்பயிற்சியைத் தனியே விரித்துரைக்கிறார். அதனைக் குறிக்கும் 'ரியாளா' என்னும் அரபுச் சொல்லின் வேர், குதிரைக் குட்டியைப் பழக்குவதையும் சுட்டும். பழக்குதல் படிப்படியாகவே நிகழும். முதியோரும் அவ்வாறே சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாய்க் கூட்டுதல் வேண்டும். இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குதல் நன்று.

பெற்றோரை ஒரு வேலையும் செய்யவிடாமல் அமர்த்தி வைப்பதே பணிவிடை என நம்மில் பலர் எண்ணுகிறோம். அன்பினால் செய்யும் அதுவே அவர்தம் தசையைக் கரைத்துத் தணலை வளர்க்கக்கூடும். அவர்களின் கைப்பற்றி நாள்தோறும் உடன் நடப்பதும் பணிவிடையே.