கடைசி வரியைப் படிக்காதீங்க

"அண்ணே, இந்த ஃபங்ஷனல் புரோகிராமிங் எல்லாம் எனக்கு வராதுண்ணே. புராஜெக்ட் தலைப்பையே மாத்திக்கலாம்னு இருக்கேன்."

திருமயத்தில் எங்கள் தெருப் பையன். வெளியூர் காலேஜ் ஒன்றில் இசிஇ கடைசி வருஷம். தலைப்பை மாற்றத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். அவன் என்னிடம் வந்தது சனிக்கிழமை சாயங்காலம். மூன்று நாளாக ஒரு கம்பைலரை பில்ட் பண்ணிப் பார்த்திருக்கிறான், மூன்று நாளும் ஃபெயில்.

"ஃபங்ஷனல் புரோகிராம் இதுவரைக்கும் எத்தனை வரி எழுதியிருக்கே?"

"இன்னும் ஒண்ணும் எழுதலண்ணே. கம்பைலரே வரலையே."

ஒரு வரிகூட எழுதாத மொழி தனக்கு வராதுன்னு முடிவு பண்ணிட்டான்! இதே கதையை இதுக்கு முன்னாடியும் சில பேரிடம் கேட்டிருக்கிறேன். பில்ட் ஃபெயிலாவதற்கும் மொழி புரியாமல் போவதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ரெண்டும் ஒரே கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில் வருவதால், புதுசாக வருகிறவர்களுக்கு ரெண்டும் ஒன்றாகத் தெரிகிறது. அதனால்தான் அந்த சனி, ஞாயிறில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

சிப் படிக்கிற பையன் இந்தப் பக்கம் ஏன் வந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி பிராசசர் புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதப்பட்டது. 2018-ல் சண்டிகர் செமிகண்டக்டர் லேபில் 180 நானோமீட்டரில் ஒரு சக்தி சிப்பைத் தயாரித்தும் காட்டினார்கள். புளூஸ்பெக்கின் மூலம் லென்னார்ட் அகஸ்ட்சன் 2000 வாக்கில் வடிவமைத்த மொழி. ஹாஸ்கெலுக்கு வந்த ஆரம்பகாலக் கம்பைலர்களில் ஒன்றை எழுதியவரும் இவர்தான். அந்த வாசனை புளூஸ்பெக்கில் அப்படியே இருக்கிறது. ரொம்ப நாள் காசு கொடுத்து வாங்கவேண்டிய சாமானாக இருந்த அதன் கம்பைலரை 2020 ஜனவரியில் ஓப்பன் சோர்ஸாக விட்டார்கள். பேர் பிஎஸ்சி (டிகிரி இல்லை). அது ஹாஸ்கெலில் எழுதப்பட்டது, எனவே அதை பில்ட் பண்ண ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஎச்சி வேண்டும்.

ரெடியாக பில்ட் செய்து வைத்த ஃபைல்களும் கிட்ஹப்பில் கிடைக்கும். உங்களுக்கு அது ஓடினால் இந்தக் கட்டுரையின் முதல் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். இவனுடையது பழைய உபுண்டு போட்ட செகண்ட்ஹேண்ட் லேப்டாப், 4 ஜிபி ரேம். ரெடிமேட் ஃபைலை ஓடவிட்டால் ஜிலிப்சி வெர்ஷன் பத்தாது என்று நின்றுவிட்டது. புது உபுண்டு போடப் பயம். அதனால்தான் சோர்ஸிலிருந்து பில்ட்.

திரையில் கடைசி வரி: மேக், எரர் 2. மூன்று நாளும் அந்த வரியைத்தான் கூகிளில் போட்டுத் தேடியிருக்கிறான்.

அந்த வரியில் ஒன்றுமே இல்லை. மேக் என்பது வேலைகளை வரிசையாக ஏவுகிற மேஸ்திரி மாதிரி. கீழே ஒருத்தர் வேலையை விட்டுப் போனால் மேஸ்திரி "வேலை நின்னுபோச்சு" என்று மட்டும் சொல்வார். யார், ஏன் என்பது மேலே எங்கேயோ இருக்கும். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் 'ஜே' ஆப்ஷன் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினது கலந்து வரும், உண்மையான எரர் இருநூறு வரிக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும். அதனால் முதல் காரியமாக 'ஜே'யை எடுத்துவிட்டு, வருவதையெல்லாம் ஒரு ஃபைலில் சேமித்து, எரர் என்ற சொல்லை மேலிருந்து கீழே தேடினோம்.

முதல் எரர் யைசஸ் என்ற ஃபோல்டரில். பிஎஸ்சி தன் வேலைக்கு யைசஸ், எஸ்டிபி என்ற ரெண்டு சால்வர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதில் யைசஸ் வேறு ரெப்போவில் இருந்து சப்மாடியூலாக வருவது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் காலி.

"கிட் குளோன் பண்ணினியா?"

"இல்லண்ணே, டேட்டா மிச்சம் பிடிக்க ஜிப்பா இறக்கினேன்."

கிட்ஹப் தரும் ஜிப்பில் சப்மாடியூல்கள் வராது. ஃபோல்டர் பேர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. குளோன் பண்ணும்போது 'ரிகர்சிவ்' ஆப்ஷனோடு பண்ணவேண்டும். என் வீட்டு வைஃபையில் திரும்ப இறக்கினோம். யைசஸ் ஓடி முடிந்தது.

அடுத்ததுதான் அவனை உண்மையில் மனசு உடைய வைத்த எரர். பிஎஸ்சிக்கு ரீஜெக்ஸ்-கம்பாட், எஸ்ஒய்பி, ஓல்ட்-டைம், ஸ்ப்ளிட் என்று நாலு ஹாஸ்கெல் பேக்கேஜ் தனியாக வேண்டும். ஓல்ட்-டைம் இல்லை என்கிறது ஜிஎச்சி. பையன் ஆப்ட் வழியாக நாலையும் போட்டிருக்கிறான். திரும்பப் போட்டால் "ஏற்கனவே இருக்கு" என்கிறது ஆப்ட். ஜிஎச்சியைக் கேட்டால் "இல்லை". இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை. ஒரு ராத்திரி பூரா இப்படியே போயிருக்கிறது.

ரெண்டு பேரும் சொன்னது நிஜம். அவன் லேப்டாப்பில் ரெண்டு ஜிஎச்சி இருந்தது. ஒன்று ஆப்ட் போட்டது. இன்னொன்று, ஏதோ வீடியோ பார்த்து ஜிஎச்சிஅப் வழியாகப் போட்டது. டெர்மினலில் கூப்பிட்டால் வருவது ரெண்டாவது. பேக்கேஜ்கள் சேர்ந்திருப்பது முதலாவதில்.

ரெண்டும் ஜிஎச்சிதானே, பங்கிட்டுக்கொண்டால் என்ன? சி லைப்ரரி என்றால் பெரும்பாலும் நடக்கும், இங்கே நடக்காது. ஜிஎச்சி ஒரு லைப்ரரியைக் கம்பைல் செய்யும்போது மெஷின் கோடோடு ஒரு இன்டர்ஃபேஸ் ஃபைலையும் எழுதிவைக்கும். அதில் டைப்கள் மட்டுமில்லை, சின்ன ஃபங்ஷன்களின் உடம்பும் இருக்கும். அதை எடுத்து அடுத்த மாடியூலுக்குள் நேராக ஒட்டிக்கொள்ளும். ஹாஸ்கெல் புரோகிராம் வேகமாக ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்குக் கொடுக்கிற விலை, ஒரு வெர்ஷனுக்காகக் கம்பைல் ஆன லைப்ரரியை அடுத்த வெர்ஷன் தொடவே தொடாது. ஆக ஆப்ட் ஜிஎச்சி என்றால் ஆப்ட் பேக்கேஜ். ஜிஎச்சிஅப் என்றால் கபால் வழியாக அதே நாலையும் புதுசாக பில்ட் பண்ணவேண்டும். கலக்கக் கூடாது. அந்த டெர்மினலில் மட்டும் பாத்திலிருந்து ஜிஎச்சிஅப்பை எடுத்தோம். எரர் போய்விட்டது.

மூன்றாவதில் எரரே இல்லை. அரைமணி நேரம் ஓடி, "கில்டு" என்று ஒரே சொல்லோடு நின்றது. ரேம் தீர்ந்துபோனால் லினக்ஸ் கெர்னலே பெரிய ஆளாகப் பார்த்து வெட்டிவிடும், ஜிஎச்சி எப்போதும் பெரிய ஆள்தான். 4 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் உருவாக்கிவிட்டு திரும்ப ஓடவிட்டோம். அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பதினொன்றே காலுக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் மொழிக்கே வந்தோம். நேராகப் புளூஸ்பெக்கில் இறங்காமல், ஒரு மணி நேரம் ஹாஸ்கெலில் விளையாடவிட்டேன். "வயசு " என்ற ஸ்ட்ரிங்கோடு 20 என்ற எண்ணை ஒட்டப் பார்த்தான். எரர் வந்தது: ஸ்ட்ரிங்குக்கு நம் இன்ஸ்டன்ஸ் இல்லை.

"நம்பரை ஒட்டாதேன்னு நேராச் சொல்லலாம்ல?"

நியாயமான கேள்வி. ஆனால் ஹாஸ்கெல் அப்படி நினைக்கவில்லை. 20 என்று எழுதினால் அது முழு எண்ணா, தசமமா என்று முன்கூட்டியே முடிவாகாது. எண் மாதிரி நடந்துகொள்ளத் தெரிந்த எந்த டைப்பாகவும் அது ஆகலாம். அந்தக் குணத்துக்குப் பேர்தான் நம். இந்த இடத்தில் ஸ்ட்ரிங் வேண்டும் என்பதால், ஸ்ட்ரிங்குக்கு எண்ணாக நடக்கத் தெரியுமா என்று தேடிப் பார்த்துவிட்டு, தெரியாது என்கிறது. இது புரிந்த பிறகு "இன்ஸ்டன்ஸ் இல்லை" என்ற எரர் பாதிக்கு மேல் தானாகப் படிக்க வரும். ஷோ ஃபங்ஷனைப் போட்டதும் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும் டைப்பை நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கம்பைலர் தானாக ஊகித்துக்கொண்டு, தப்பு நடந்த இடத்தை விட்டுவிட்டு அதைக் கூப்பிட்ட இடத்தில் திட்டும்.

அப்புறம் எல்லாரும் போடும் அந்த வரியைப் போட்டான்: எக்ஸ் ஈக்குவல்ஸ் எக்ஸ் பிளஸ் 1. மதிப்பைக் கேட்டதும் உறைந்துவிட்டது. சி மொழியில் இது ஒரு கட்டளை, பழசோடு ஒன்றைக் கூட்டி வை என்று அர்த்தம். ஹாஸ்கெலில் இது ஒரு வரையறை. எக்ஸ் என்னவென்றால் எக்ஸ் பிளஸ் 1, அந்த எக்ஸ் என்னவென்றால் திரும்ப எக்ஸ் பிளஸ் 1. முடிவே இல்லை.

இங்கேதான் இசிஇ பையனுக்கு முகம் மாறியது. "அண்ணே, இது காம்பினேஷனல் லூப்புண்ணே. அவுட்புட்டை நேரா இன்புட்ல சொருகின மாதிரி. நடுவுல ரெஜிஸ்டர் வேணும்."

அதேதான். புளூஸ்பெக்கில் அதற்கென்றே ரெஜிஸ்டர் இருக்கிறது, எழுதுவதற்குத் தனி அம்புக்குறி இருக்கிறது. ஒரு ரூலுக்குள் படிப்பதெல்லாம் பழைய மதிப்பு, எழுதுவது கிளாக் அடித்த பிறகுதான் தெரியும். எக்ஸில் ஒய், ஒய்யில் எக்ஸ் என்று ரெண்டு வரி எழுதினால், நடுவில் டெம்ப் எதுவும் இல்லாமலே ரெண்டும் இடம் மாறிவிடும். மூன்று வருஷம் சி எழுதினவனுக்கு இது தப்பு மாதிரித் தெரியும். ஃபிளிப்-ஃபிளாப் வரைந்தவனுக்கு வேறு எப்படி இருக்கமுடியும் என்று தோன்றும். ஃபங்ஷனல் மொழி தனக்கு வராது என்றவன், மூன்று செமஸ்டராக சர்க்யூட் வடிவில் அதைத்தான் படித்திருக்கிறான்.

ஃபார் லூப்பில் மட்டும் கொஞ்சம் சறுக்கினான். 32 தடவை கூட்டும் லூப் எழுதிவிட்டு, ஒரு ஆடர் 32 தடவை ஓடும் என்று நினைத்தான். கிடைத்தது அடுத்தடுத்து 32 ஆடர். லூப்பைக் கம்பைலரே முன்கூட்டிப் பிரித்து விரித்துவிடுகிறது, சிப்பில் லூப் என்று ஒன்றும் மிஞ்சாது. ஒரே ஆடரை 32 கிளாக்குக்கு ஓட்டவேண்டும் என்றால் எண்ணிக்கையை ரெஜிஸ்டரில் வைத்து ரூலாக எழுதவேண்டும். 16 பிட்டையும் 32 பிட்டையும் கூட்டப் பார்த்ததற்கும் திட்டு வாங்கினான். எந்தப் பக்கம் நீட்டுவது என்பதை நாமே சொல்லவேண்டும், அதுவாக நீட்டாது.

இதை முதலிலிருந்து ஒழுங்காகப் படிக்க நினைப்பவர்களுக்கு, சிறுசேரி சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் எடுத்த ஹாஸ்கெல் பாடம் என்பிடெல்லில் இலவசமாகவே இருக்கிறது. மோனாட் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது இல்லாமலே ரொம்ப தூரம் போகலாம்.

திங்கட்கிழமை அவன் தலைப்பை மாற்றவில்லை. புதன்கிழமை ராத்திரி ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ரெண்டு ரூல் ஒரே ரெஜிஸ்டரைப் படித்து அதிலேயே எழுதுவதால், எது அவசரம் என்று தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதாக பிஎஸ்சி வார்னிங் கொடுத்திருந்தது. கீழே அவன் எழுதியிருந்தான்: "மேலேருந்து படிச்சேண்ணே. இது எரர் இல்ல, ஆனா அது தேர்ந்தெடுத்தது தப்பு. நானே எப்படிச் சொல்றது?"