பொருள் வகையும் மாற்ற நிர்வாகமும்

இரசாயனச் சாலையில் பயின்ற எவரும் ஒன்றை மறந்திரார். சோடியம் மண்ணெண்ணெயிலும் வெண் பாஸ்பரம் தண்ணீரிலும் அமிழ்ந்திருக்கும். இரண்டும் கட்டிப் பொருள்களே. எனினும் சோடியத்தை மற்றதன் புட்டியில் இட்டால் விளைவது யாதென்பதை ஆசிரியர் ஒருமுறையேனும் காட்டியிருப்பர். மென்பொருளின் மாற்றங்களை நிர்வகிப்போர்க்கும் இத்தகைய கடமை யொன்றுண்டு. அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

ஐ.பி.எம். கம்பெனியார் 1988-ஆம் ஆண்டில் ஏ.எஸ்./400 என்னுங் கணிப்பொறியை வெளியிட்டனர். அதன் வழிவந்த முறை இன்று ஐ.பி.எம். ஐ எனப் பெயர் பெற்று வழங்குகின்றது. அதனுள் இருப்பன யாவும் பொருள்கள். பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. நிரல் ஒரு வகை, கோப்பு ஒரு வகை, தரவுப்பகுதி ஒரு வகை. பிறக்கும்போது பெற்ற வகையை எப்பொருளும் பின்னர் மாற்றிக்கொள்ளாது. கோப்பை நிரலென ஓட்டுக என்று ஏவினும் பொறி இணங்காது.

நிரலர் ஆக்க நூலகத்தில் எழுதியது சோதனை நூலகத்திற்கும், பின்னர் நடைமுறை நூலகத்திற்கும் செல்லும். இவ்வாறு ஏற்றிச் செல்லுதற்கென்றே தனி மென்பொருள்கள் உள. அவற்றின் நிர்வாகி ஒவ்வொரு வகைக்கும் முன்னரே விதி வகுத்தல் வேண்டும்: அதனை ஆக்குங் கட்டளை யாது, அது சென்ற இடத்தில் முன்னிருந்ததை என் செய்வது, அதனைச் சார்ந்தவற்றுள் எவற்றை மீண்டும் ஆக்குவது என்பன அவ்விதிகள். நிரலுக்கு விதி எளிது. பழையதை எடுத்து ஒருபுறம் வைத்துப் புதியதை அவ்விடத்தில் இட்டால் போதும்.

கோப்போ அங்ஙனமன்று. பௌதிகக் கோப்பில் வாடிக்கைக்காரரின் கணக்குகள் நிறைந்திருக்கும். நிரலைப்போல அதனையும் மாற்றி வைத்தால், புதிய கோப்பு வெறுமையாய் வந்து அமரும். ஆதலின் உள்ளிருப்பது கெடாமல் அமைப்பை மட்டும் திருத்துங் கட்டளையையே அவ்வகைக்கு விதித்தல் வேண்டும். அவ்வளவோடும் முடியவில்லை. நிரலைக் கம்பைல் செய்யும்போது அது பயன்படுத்துங் கோப்பின் அமைப்புக்குரிய அடையாளம் ஒன்று நிரலினுள் பதிந்துவிடும். கோப்பைத் திறக்கும்போது அவ்வடையாளம் ஒவ்வாதாயின் பொறி ஓட மறுக்கும். எனவே சார்ந்த நிரல்கள் அனைத்தையும் மீண்டும் கம்பைல் செய்யவேண்டும். இத்தொல்லைக்கு அஞ்சிச் சிலர் அச்சோதனையையே நிறுத்திவிடுவர். அப்போது நிரல் ஓடும். ஆனால் ஒரு புலத்தின் எழுத்துக்களை மற்றொரு புலத்தினவாகப் படித்தாலும் படிக்கும். அதனினும் நின்றுபோதலே நன்றென்பது எம் கருத்து.

தரவுப்பகுதி மிகச் சிறியது. 2000 எழுத்துக்கு மேல் கொள்ளாது. எம்மை வருத்தியது அதுவே. யாம் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், கடைசியாகக் கொடுத்த ரசீதின் எண் அத்தகைய பகுதி யொன்றில் இருந்தது. அவ்வகைக்கும் நிரலின் விதியையே யாம் வகுத்துவிட்டோம். ஒரு சனிக்கிழமை மாலை, ஆக்க நூலகத்துச் சோதனை எண் நடைமுறை எண்ணின்மேல் ஏறிற்று. திங்கட்கிழமை காலைமுதல் பழைய எண்களிலேயே புதிய ரசீதுகள் அச்சாயின. நண்பகலில் ஒரு குமாஸ்தா, ஒரே எண்ணுள்ள ரசீதுகள் இரண்டைக் கையிற் கொண்டு எம்மிடம் வந்து யாதும் பேசாமல் நின்றார். பிழை எம்முடையதே. கணக்கைச் சீர்ப்படுத்த மூன்று நாட்கள் சென்றன.

‘முன்னரே இருப்பின் தொடற்க’ என்று விதியை மாற்றினால் தீர்ந்ததெனக் கருதினோம். தீரவில்லை. வரி விகிதத்தைத் தாங்கிய தரவுப்பகுதியும் அங்கிருந்தது. அது மாறியே ஆகவேண்டுமன்றோ? பொறிக்கு இரண்டும் ஒரே வகை. நிர்வாகிக்கு அவை இரு வகை. நல்வினையாக, எம் கருவி பொறியின் வகைகளுக்குள்ளே உட்பிரிவுகளை நாமே வகுத்துக்கொள்ள இடந்தந்தது. எண்ணிக்கொண்டே செல்வனவற்றை ஒன்றிலும், நாம் சொன்னதைச் சொல்லி நிற்பனவற்றை மற்றொன்றிலும் சேர்க்க முற்பட்டு, அங்கிருந்த பகுதிகளை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தோம். அவற்றுள் பல எதன்பொருட்டு வைக்கப்பட்டன என்பதைச் சொல்வார் அவ்வலுவலகத்தில் ஒருவருமிலர்.