தெருமுனையில் ரெண்டு பெட்டி: ஒன்றில் வெளிச்சம்... இன்னொன்றில் உயிர் பறிக்கும் மின்சாரம்!

மழை ரெண்டு நாள் சேர்ந்தாற்போல பிடித்துக்கொண்டால் போதும். தெருவில் ரெண்டு புகார் கட்டாயம் கிளம்பிவிடும். ஒன்று, "நெட் வரலை". இன்னொன்று, "ஈ.பி. பெட்டி திறந்து கிடக்கு, பிள்ளைங்க அந்தப் பக்கமா போகுதுங்க".

ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அது பெட்டி. கேபிள் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அதன் முனை வந்து சேரும் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டால் எல்லாம் வீண். இந்த பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது? எதில் எவ்வளவு ஆபத்து? விவரம் வருமாறு:-

முடி கனத்தில் கண்ணாடி

இன்டர்நெட் வரும் பைபர் கேபிளில் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். உள்ளே இருப்பது செம்புக்கம்பி அல்ல, கண்ணாடி இழை. இதன் கனம் 125 மைக்ரான். ஏறக்குறைய நம் தலைமுடி கனம்தான். அதிலும் வெளிச்சம் ஓடுவது நட்டநடுவில் உள்ள சுமார் 9 மைக்ரான் பாதையில் மட்டுமே.

கண்ணாடி இழை வழியாக வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ம் ஆண்டு சொன்னவர் சார்லஸ் காவ். அதற்காக 2009-ம் ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இழைகளை கலர் கலராக பிரித்து சின்ன குழாய்களில் போடுகிறார்கள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம் என 12 கலர். எந்த இழை எங்கே போகிறது என்று ஊழியர் கண்டுபிடிப்பது இந்த கலரை வைத்துத்தான். ஈரம் புகாமல் இருக்க குழாய்க்குள் ஜெல் இருக்கும். இழுத்தால் அறாமல் இருக்க உறுதியான நூலோ, பைபர் கம்பியோ சேர்ப்பார்கள். மேலே கறுப்பு பிளாஸ்டிக் உறை.

கம்பத்தில் தொங்கும் கறுப்பு டப்பா

கம்பத்தில் குடம் மாதிரி தொங்குகிறதே, அதுதான் ஜாயிண்ட் பாக்ஸ். ரெண்டு கேபிளை இணைக்கும் இடம். முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே ஆகாது. இழைகளின் முனையை மிஷினில் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். 9 மைக்ரான் பாதை கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் கசிந்துவிடும். ஒட்டிய இடத்துக்கு மேல் உறை மாட்டி, தட்டில் வளையமாக சுற்றி வைப்பார்கள்.

தெருவில் உள்ள இன்னொரு பெட்டியில் ஸ்பிளிட்டர் இருக்கும். ஒரு இழையில் வரும் வெளிச்சத்தை 8, 16, 32 என வீடுகளுக்கு பங்கு போடுவது இதன் வேலை. இதற்கு கரண்டே தேவையில்லை. ஆனால் பங்கு கூட கூட வெளிச்சம் குறையும். ஏற்கனவே குறைந்த வெளிச்சத்தில், ஒட்டு போட்ட இடத்தில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் அவ்வளவுதான். வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். மோடத்தை பத்து தடவை அணைத்து போட்டாலும் பிரயோஜனம் இல்லை. லைனில் வெளிச்சம் வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பில்லர் பாக்ஸ் கதை வேறு

தரையில் நிற்கும் மின்வாரிய பில்லர் பாக்சை அப்படி நினைத்துவிடக்கூடாது. டிரான்ஸ்பார்மரில் இருந்து பூமிக்கடியில் வரும் கேபிள் இதற்குள் வந்து ஏறுகிறது. உள்ளே உலோகப் பட்டைகளும் பியூஸ்களும் இருக்கும். அங்கிருந்து வீடுகளுக்கு லைன் பிரியும். ஒரு பேசில் 230 வோல்ட், பேசுக்கு பேஸ் சுமார் 400 வோல்ட். ஆளைக் கொல்ல இது தாராளம்.

இரும்பு பெட்டி என்றால் கட்டாயம் எர்த் கொடுத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு ஒயர் கழன்று பெட்டியில் பட்டால், கரண்ட் எர்த் வழியாக இறங்கி பியூஸ் போய்விடும். எர்த் துருப்பிடித்து அறுந்திருந்தால் பெட்டியே ஷாக் அடிக்கும். சுற்றி தண்ணீர் தேங்கினால், பெட்டியை தொடாமல் பக்கத்தில் நடந்து போகிறவருக்கும் ஆபத்து.

ரெண்டு நம்பர் ரகசியம்

பெட்டிகளில் ஐ.பி. என்று போட்டு ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் தூசிக்கு, ரெண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 55 என்றால் தூசியை ஓரளவு தடுக்கும், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் தண்ணீரில் மூழ்கினால் தாங்காது. ஐ.பி. 68 என்றால் தொடர்ந்து மூழ்கினாலும் தாங்கும்படி செய்தது.

இதெல்லாம் கதவு மூடி, ரப்பர் சரியாக இருக்கும் வரைதான். கதவு திறந்து கிடந்தால் எந்த நம்பர் போட்டிருந்தும் அது பூஜ்யத்துக்கு சமம்.

என்ன செய்ய வேண்டும்?

* திறந்து கிடக்கும் பில்லர் பாக்சை நீங்களே மூடப் போகாதீர்கள். 2021-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மின்னகம் மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

* பில்லர் பாக்ஸ் மீது ஈரத்துணி காயப்போடுவது, ஆடு மாடு கட்டுவது, பக்கத்தில் சிறுநீர் கழிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

* பைபர் கேபிளில் கரண்ட் இல்லை என்று, அறுந்து தொங்கும் கேபிளை கையால் இழுக்கக்கூடாது. அதைத் தாங்கும் இரும்புக்கம்பி மேலே மின்கம்பியில் உரசிக்கொண்டு இருக்கலாம்.

* பைபர் முனையை கண்ணுக்கு நேராக வைத்து பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்கு தெரியாத லேசர் ஒளி.

* வீட்டுக்குள் வரும் பைபர் ஒயரை மடக்கி ஆணி அடிக்காதீர்கள். மடங்கிய இடத்தில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும்.

நெட் ஒரு நாள் இல்லை என்றால் மறுநாள் வந்துவிடும். போன உயிர் வராது. இன்று வீட்டுக்கு போகும்போது உங்கள் தெரு பெட்டியின் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு நிமிடம், தள்ளி நின்றே பாருங்கள்.