கேதாரத்துக்குக் குதிரையில் போகுமுன்

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகவும், கொட்டாஞ்சேனைக் கோயில்களின் அறிவித்தல் பலகைகளிலும் வட இந்திய யாத்திரை விளம்பரங்கள் கண்ணில் படும். காசி, ஹரித்துவார், பத்ரிநாத், கேதார்நாத் என்று ஊர்ப் பெயர்கள் நீளும். இவற்றில் கேதார்நாத்துக்கு மட்டும் வாகனம் போகாது. கடைசி 16 கிலோமீற்றர் அளவுக்கு நடக்க வேண்டும், அல்லது எதன் மீதாவது ஏற வேண்டும். “நடக்க ஏலாதவர்கள் குதிரையில் போகலாம்” என்ற ஒரு வரியோடு நாம் அதைக் கடந்துவிடுகிறோம்.

அந்தக் குதிரையைப் பற்றிக் கொழும்பிலேயே யோசித்து முடிவெடுப்பது நல்லது. மலையடிவாரத்தில், அதிகாலைக் குளிரில், மொழி தெரியாத கூட்டத்துக்கு நடுவே எடுக்கக்கூடிய முடிவல்ல அது.

பாடல் பெற்ற கேதாரம்

நம்மவர்களுக்குக் கேதார்நாத் வெறும் சுற்றுலா இடமல்ல. தேவாரம் அதைத் திருக்கேதாரம் என்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம். திருக்கோணமலையும் மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரமும் ஈழத்தின் பாடல் பெற்ற தலங்கள் என்றால், இமயத்தில் அந்தப் பட்டியலில் வரும் தலங்களில் ஒன்று கேதாரம். ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில், வாழ்நாளில் ஒரு முறையாவது போய்வர வேண்டும் என்று பலர் நினைப்பது இதனால்தான். குதிரை தேவைப்படுவதும் பெரும்பாலும் இந்த வயதினருக்கே.

கோயில் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ நடை திறந்து, தீபாவளியை ஒட்டி மூடப்படும். பனிக்காலத்தில் உற்சவ மூர்த்திக்கு ஊக்கிமட்டில் பூசை நடக்கும். ஆகவே மொத்தக் கூட்டமும் ஆறு மாதத்துக்குள், அதிலும் மழைக்கு முந்திய மே, ஜூன் மாதங்களில் குவிகிறது.

பாதை எப்படிப்பட்டது?

ரிஷிகேசிலிருந்து ருத்ரபிரயாகை, குப்தகாசி வழியாக சோன்பிரயாகை வரை வாகனத்தில் போகலாம். அங்கிருந்து உள்ளூர் ஜீப்பில் சுமார் 5 கிலோமீற்றர் தள்ளி கௌரிகுண்ட். குதிரை ஏறும் இடம் அதுதான். 2013 ஜூன் 16, 17ஆம் திகதிகளில் வந்த பெருவெள்ளம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ராம்பாடா என்ற தங்குமிடத்தையும் பழைய பாதையின் பெரும் பகுதியையும் அடித்துச் சென்றது. இப்போதைய பாதை அதன்பின் ஆற்றின் மறுகரையில் வெட்டப்பட்டது. பழையதைவிட நீளமானது, செங்குத்தானது. நடப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், ஆட்களோடும் பொருட்களோடும் வரும் விலங்குகள் எல்லாம் அந்த ஒரே பாதையில்தான்.

குதிரை என்று நாம் சொல்வது அங்கே பெரும்பாலும் கோவேறு கழுதை. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. மலைப்பாதையில் கால் தவறாமல் நடக்கும், பொறுமையானது. ஆனால் சுமை சுவரில் உரசாதிருக்கப் பழகிய விலங்கென்பதால் பள்ளத்தின் ஓரமாகவே நடக்க விரும்பும். முதல் தடவை ஏறுபவர்களைப் பயமுறுத்துவது இதுதான்.

காலுக்கு ஓய்வு, நெஞ்சுக்கு இல்லை

கேதார்நாத் 3,583 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அதற்கு மேலும் ஒரு கிலோமீற்றர் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கொழும்புக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

குதிரை நம் முழங்காலைக் காப்பாற்றும். உயரத்திலிருந்து காப்பாற்றாது. கௌரிகுண்டிலிருந்து சில மணி நேரத்துக்குள் சுமார் 1,600 மீற்றர் மேலே கொண்டுபோய் விடுவதால், உடல் பழகுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. தலையிடி, வாந்தி, தலைச்சுற்று வந்தால் அது உயர நோயின் தொடக்கமாக இருக்கலாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். தரிசனத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இருதய நோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே வைத்தியரைப் பார்ப்பது அவசியம். குப்தகாசியிலோ கௌரிகுண்டிலோ ஓர் இரவாவது தங்கும்படி பயணத்தை அமைக்கச் சொல்லி முகவரிடம் கேளுங்கள்.

சுமப்பதன் கணக்கு

இந்தியாவில் 1965ஆம் ஆண்டு முதல் சுமை விலங்குகளுக்கென விதிகள் இருக்கின்றன. மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்பது உச்ச வரம்பு. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவெளி இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இன்னும் குறைவு: சேணத்தையும் சேர்த்து விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 300 கிலோ எடையுள்ள விலங்கென்றால் 60 கிலோ. நம்மில் பலர் பையில்லாமலே அந்த அளவைத் தாண்டியவர்கள்.

ஒரு தடவை ஏறி இறங்குவதே 32 கிலோமீற்றர். ஒரு நாளில் இரண்டாம் தடவை ஓட்டினால் 9 மணி நேர விதிக்குள் நிற்க முடியாது. ஆனால் உழைப்புக் காலம் ஆறு மாதம் மட்டுமே என்பதால், ஓட்டுபவரின் வருமானம் தடவைக் கணக்கில்தான் தங்கியிருக்கிறது. பனி உருகிவரும் குளிர்ந்த நீரை விலங்குகள் குடிக்க மறுப்பதும், உலர் தீவனத்தோடு நீரிழப்பு சேர்ந்து வயிற்று வலியில் விழுவதும் அந்தப் பாதையில் அடிக்கடி பேசப்படும் காரணங்கள். 2022ஆம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள் இறந்தன. 2025 மே மாதத் தொடக்கத்தில் இரண்டே நாட்களில் 14 விலங்குகள் இறந்ததும், குதிரைக் காய்ச்சல் அச்சத்தில் விலங்குப் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. குதிரையை நம்பியே போனவர்கள் அன்று அடிவாரத்தில் நின்றார்கள்.

வேறு வழி உண்டா?

டோலியில் போகலாம், நான்கு பேர் தோளில் சுமப்பார்கள். முதுகுக் கூடையில் ஒருவரே தூக்கிச் செல்வதும் உண்டு. விலங்கின் சுமை அப்போது மனிதருக்கு மாறுகிறது. ஹெலிகொப்டர் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடும். ஆனால் 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் நடந்த இரண்டு விபத்துகளில் ஒவ்வொன்றிலும் ஏழு பேர் இறந்தார்கள். வானிலை மாறினால் சேவை நின்றுவிடும். சோன்பிரயாகையிலிருந்து 12.9 கிலோமீற்றர் நீளத்தில் கம்பிவடப் பாதை அமைக்க இந்திய மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. 8, 9 மணி நேரப் பயணம் 36 நிமிடமாகும் என்கிறது அந்தத் திட்டம். முதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். குதிரை ஓட்டிப் பிழைக்கும் மலைக் கிராமங்களுக்கு என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி.

ஏறித்தான் ஆகவேண்டும் என்றால்

அரசு நிர்ணயித்த கட்டணத்துக்குச் சீட்டுத் தரும் கவுண்டரில் மட்டும் பதிவு செய்யுங்கள். ஏறுமுன் விலங்கைப் பாருங்கள். நொண்டல், முதுகில் புண், மூக்கில் சளி இருந்தால் வேறொன்று கேளுங்கள். பையை வேறாக அனுப்புங்கள். மேலேறும்போது உடலை முன்பக்கமும், இறங்கும்போது பின்பக்கமும் சாய்க்க வேண்டும். மிதிவளையத்தில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். முழுப் பாதமும் நுழைந்தால், விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். இறங்குவதுதான் கூடுதல் ஆபத்து. முடிந்தவர்கள் இறங்கும்போது நடந்துவிடுவது இருவருக்கும் நல்லது.

மூன்று ஹிந்திச் சொற்கள் போதும். ‘தீரே’ என்றால் மெதுவாக. ‘ருக்கோ’ என்றால் நில்லுங்கள். ‘பானி’ என்றால் தண்ணீர். மூன்றாவதை உங்களுக்காக மட்டுமல்லாமல் விலங்குக்காகவும் கேளுங்கள். அது தண்ணீர் குடித்து முடியும்வரை காத்திருக்கத் தயார் என்று ஓட்டுபவரிடம் காட்டினால், அவரும் அவசரப்பட மாட்டார். அந்தப் பத்து நிமிடத்தால் தரிசனம் தவறிவிடாது.

இத்தனைக்குப் பிறகும் வைத்தியர் வேண்டாம் என்றால், போகாமல் இருப்பதில் குறையொன்றும் இல்லை. சம்பந்தர் திருக்கேதாரத்தைப் பாடியது இமயத்தில் நின்று அல்ல, திருக்காளத்தியில் இருந்தபடி என்கிறது பெரியபுராணம். நம் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் அவர் இராமேச்சரத்தில் இருந்துதான் பாடினார். இருந்த இடத்திலிருந்தே தொழுதவருக்கும் அந்தத் தலங்கள் பாடல் பெற்ற தலங்களாகத்தான் இருக்கின்றன.