பென்ஷன் வாங்கிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்

சினிமா ஷூட்டிங்கில் ‘கண்டின்யூட்டி’ என்று ஒரு வேலை உண்டு. உதவி இயக்குநர்களில் ஒருவர் கையில் நோட்டோடு நிற்பார். நேற்று எடுத்த ஷாட்டில் கதாநாயகன் சட்டைக் கையை எதுவரை மடித்திருந்தார், டம்ளரில் காபி எவ்வளவு மிச்சம் இருந்தது, வாட்ச் எந்தக் கையில் இருந்தது, எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். ஒன்று தவறினாலும் டைரக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சட்டைக்கே இந்தப் பாடு என்றால், கதை நடக்கும் வருஷத்துக்கு? அதுவும் நாயகனே காலத்தில் முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருக்கும் தொடரில்?

போன வாரம் ‘ஸ்டார் டிரெக்’ பார்த்தோம். கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறித்துவிட்டு, அதே ஆளைப் பிற்பாடு ஜேம்ஸ் டி. கிர்க் ஆக்கினார்கள். அது ஓரெழுத்துப் பிசகு. இந்த வாரம் வருவது சில வருஷப் பிசகு. ஒரு ராணுவ அதிகாரி, எந்தப் படைக்குத் தலைவராக இருந்தாரோ அந்தப் படை உருவாவதற்கு முன்பே அதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட கதை.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. வெளியே நீல நிறப் போலீஸ் பெட்டி, உள்ளே அரண்மனை அளவுக்கு இடம். அதுதான் கால இயந்திரம். அதில் ஊர் ஊராக, யுகம் யுகமாகச் சுற்றுகிறவர் டாக்டர். முதல் கதையிலேயே ஒரு அழகான இடம் உண்டு. லண்டன் பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி சூசன், பிரிட்டிஷ் நாணயம் தசம முறைக்கு வந்துவிட்டதாக நினைத்துக் கணக்குச் சொல்லிவிடுகிறாள். வகுப்பே சிரிக்கிறது. அந்த முறை நிஜமாகவே 1971-ல் வந்தது. காலம் தெரியாமல் தடுமாறும் ஒரு சின்னப் பெண்ணைக் காட்டத்தான் அந்தக் காட்சியை எழுதினார்கள். எட்டே வருஷத்தில் அது ஜோசியம் ஆகிவிட்டது.

இத்தனை கவனத்தோடு தொடங்கியவர்கள்தான் பின்னால் அட்லாண்டிஸ் நகரத்தை மூன்று விதமாக மூழ்கடித்தார்கள். 1967-ல் ஒரு கதை, 1971-ல் இன்னொரு கதையில் போகிறபோக்கில் ஒரு விளக்கம், 1972-ல் மூன்றாவது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. புராணங்களில் ஒரே சம்பவத்துக்கு மூன்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பிரிகேடியர் விவகாரம் அப்படிப்பட்டதல்ல. அது வருஷக் கணக்கு.

1967-ல் வந்த ஒரு கதையில் டாக்டர் திபெத்துக்குப் போகிறார். அங்கே எட்டி என்னும் பனி மனிதர்கள், அவர்களைத் தேடி வந்த டிராவர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர். நடப்பது 1935-ல். மறு வருஷமே, அதாவது 1968 தொடக்கத்தில், ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ என்று அதன் தொடர்ச்சி வந்தது. எட்டிகள் இப்போது லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் புகுந்துவிட்டன. டிராவர்ஸ் நரைத்துக் கிழவராகிவிட்டார். திபெத் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்கிறார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: குறைந்தது 1975.

இந்தக் கதையில்தான் கர்னல் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் வருகிறார். கத்தரித்த மீசை, கையில் ஒரு கோல், எந்தப் பூதத்தைப் பார்த்தாலும் முதலில் சுடச் சொல்லும் சுபாவம். நடித்தவர் நிக்கோலஸ் கோர்ட்னி. உண்மையில் அந்த வேஷம் அவருக்குப் போட்டதே அல்ல. டேவிட் லாங்டன் என்ற நடிகருக்குக் கர்னல், கோர்ட்னிக்கு அதே கதையில் பாதியில் சாகும் கேப்டன் நைட் என்று ஏற்பாடு. லாங்டனால் வர முடியவில்லை. இயக்குநர் டக்ளஸ் கேம்ஃபீல்டு கேப்டனுக்குக் கர்னலாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார். லாங்டன் வந்திருந்தால் கோர்ட்னி சுரங்கத்திலேயே செத்திருப்பார், இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

அதே வருஷக் கடைசியில் ‘தி இன்வேஷன்’. கர்னல் இப்போது பிரிகேடியர். யூனிட் என்று ஐ.நா. சபையின் கீழ் இயங்கும் ஒரு ரகசியப் படைக்குத் தலைவர். வேற்றுக் கிரகத்து ஆபத்து வந்தால் கவனிப்பது அந்தப் படையின் வேலை. எட்டி விவகாரம் முடிந்து நாலு வருஷம் ஆகிறது என்று அவரே சொல்கிறார். ஆக 1979.

எழுதியவர்களின் திட்டம் இதுதான்: கதை நடப்பது இன்றைக்கு இல்லை, இன்னும் கொஞ்ச காலம் கழித்து. 1970-ல் டாக்டர் பூமியிலேயே முடக்கப்பட்டு யூனிட்டின் ஆலோசகராக ஆனபோதும் அதுதான் ஏற்பாடு. அதனால்தான் அந்தக் கதைகளில் பிரிட்டன் செவ்வாய்க்கு ஆள் அனுப்புகிறது. பிபிசி 3 என்று ஒரு சானல் ஓடுகிறது. அப்போது நிஜத்தில் இருந்தவை இரண்டுதான். 1975-ல் வந்த ஒரு கதையில் பிரிகேடியர் பிரதமரோடு போனில் பேசும்போது மரியாதையாக ‘மேடம்’ என்கிறார். அந்த வருஷம்தான் மார்கரெட் தாட்சர் எதிர்க்கட்சித் தலைவராகியிருந்தார், பிரதமரானது 1979-ல். கணக்கு எவ்வளவு சரியாக உட்காருகிறது பாருங்கள்! அதே 1975-ல் இன்னொரு கதையில், யூனிட் காலத்துப் பத்திரிகையாளரான ஸாரா ஜேன் தன் வாயாலேயே தான் 1980-ஐச் சேர்ந்தவள் என்கிறாள்.

‘இன்னும் கொஞ்ச காலம் கழித்து’ என்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. அது காலண்டரில் இருக்கும் இடமல்ல. ‘நாளை கடன்’ என்று கடையில் எழுதிப் போட்ட போர்டு மாதிரி. நாம் போகப் போக அதுவும் நகரும். தேதியே சொல்லாமல் இருக்கும்வரை யாருக்கும் சிக்கல் இல்லை. யாராவது ஒருவர் அதை ஆணி அடித்து மாட்டினால்தான் வம்பு.

ஆணி அடித்தது 1983-ல். கதையின் பெயர் ‘மாட்ரின் அன்டெட்’, எழுதியவர் பீட்டர் கிரிம்வேடு. ஒரு ஆண்கள் பள்ளிக்கூடம். 1977-ல் பாதிக் கதை, 1983-ல் மீதி. இரண்டு காலத்திலும் அங்கே பாடம் நடத்தும் ஒரே ஆசிரியர். 1977 என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட எலிசபெத் மகாராணியின் வெள்ளிவிழாக் கொண்டாட்டத்தையே பின்னணியில் வைத்துவிட்டார்கள். அந்த ஆசிரியராக முதலில் நினைத்திருந்தது 1963-ல் டாக்டரோடு பயணம் போன அறிவியல் வாத்தியார் இயன் செஸ்டர்டனை. வில்லியம் ரஸ்ஸல் நடித்த பாத்திரம். பள்ளிக்கூடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. ரஸ்ஸலால் வர முடியவில்லை.

இரண்டாவது தடவையாக, வேறொருவர் வராத இடத்துக்குக் கோர்ட்னி வந்தார்.

பள்ளிக்கூடம் அப்படியே நின்றது, வாத்தியார்தான் மாறினார். பிரிகேடியர் ரிட்டயர் ஆகிக் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். எப்போது ரிட்டயர் ஆனார்? 1977-ல் அவர் வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். 1976 என்று வசனத்திலேயே வந்துவிட்டது. பழைய கணக்குப்படி 1976-ல் யூனிட் என்ற படையே இன்னும் சரியாக எழுந்து நிற்கவில்லை. எட்டிகளை அவர் பார்த்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஸாரா ஜேனின் 1980-ல் அவர் ராணுவ உடுப்பிலா இருந்தார், சாக்பீஸ் தூசியிலா?

இதே கதையில் இன்னொரு வேடிக்கை. 1977-ன் பிரிகேடியரும் 1983-ன் பிரிகேடியரும் ஒரே விண்கப்பலுக்குள் வந்துவிடுகிறார்கள். இருவரும் தொட்டுக்கொண்டால் ஆபத்து என்று டாக்டர் பதறுகிறார். ஆறு வருஷ இடைவெளியுள்ள இரண்டு பிரிகேடியர்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ள மொத்தக் கதையும் பாடுபடுகிறது. எதிரும் புதிருமான இரண்டு சர்வீஸ் ரெக்கார்டுகள் முட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் போகட்டும் என்று விட்டார்கள்.

எழுதியவர்களைக் குறை சொல்லும் முன் அன்றைய நிலவரத்தையும் பார்க்க வேண்டும். வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தங்களால் பழைய நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. பிபிசி எழுபதுகளின் பிற்பகுதிவரை அழித்துக்கொண்டே வந்தது. ‘டாக்டர் ஹூ’வின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றைக்கும் கிடையாது. நம் வீட்டுப் பாட்டிமார் வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்து, பைண்டு பண்ணி, பரணில் வைத்துக் காப்பாற்றினார்களே, அந்தப் பொறுப்பு உலகத்தின் பெரிய ஒளிபரப்பு நிறுவனத்துக்கு இல்லை! பார்த்ததும் காற்றோடு போய்விடும் என்ற நிச்சயத்தில் எழுதியவர்களுக்கு 1968-ல் சொன்னதை 1983-ல் ஒத்துப்பார்ப்பார்கள் என்று எப்படித் தோன்றும்? 1968 முதல் ஆறு வருஷம் கதை இலாகாவில் இருந்த டெரன்ஸ் டிக்ஸும் பிற்காலத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: முன்னே இருந்தவர்கள் செய்ததில் தனக்கு ஞாபகம் இருந்ததுதான் கண்டின்யூட்டி. ஆனால் அதே 1983-ல் ‘டாக்டர் ஹூ’ முதன்முதலாக வீடியோ கேசட்டாகக் கடைக்கு வந்தது. தவறு நடந்த வருஷமும், தவறைக் கண்டுபிடிக்கும் கருவி கைக்கு வந்த வருஷமும் ஒன்று.

அதற்குப் பிறகு ரசிகர்கள் விடுவார்களா? ‘யூனிட் டேட்டிங்’ என்று இதற்குப் பெயரே உண்டு. காதல் சமாச்சாரம் இல்லை, தேதி சமாச்சாரம். எழுபதுகள் கட்சி, எண்பதுகள் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காரின் நம்பர் பிளேட், சுவரில் தொங்கும் காலண்டர் என்று ஒன்றையும் விடாமல் சாட்சிக்கு இழுத்தார்கள். எனக்கு எண்பதுகள் கட்சிதான் பிடிக்கும். முதலில் சொன்ன வாக்குக்கு மதிப்பு வேண்டாமா?

தொடரை எடுக்கிறவர்கள் கடைசிவரை இதைத் தீர்க்கவில்லை. தீர்க்காததே நல்லது என்பேன். 2008-ல் வந்த ஒரு கதையில் டாக்டர், யூனிட்டில் தான் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தனக்கே குழம்பிப் பேசுகிறார். 2013-ல் ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புக் கதையில், இப்போது யூனிட்டை நடத்தும் பிரிகேடியரின் மகள் கேட், ‘குரோமர்’ என்ற பழைய கோப்பைக் கேட்கிறாள். அது எழுபதுகளா எண்பதுகளா என்பது எந்தத் தேதி முறையை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்கிறாள். குரோமர் என்பது நார்ஃபோக் மாவட்டத்துக் கடற்கரை ஊர். முன்பு ஒரு கதையில் எதிர்ப்பொருள் உலகத்துக்குத் தூக்கிப்போகப்பட்ட பிரிகேடியர், சுற்றிலும் மணலைப் பார்த்துவிட்டு இது குரோமர்தான் என்று அடித்துச் சொன்னார்.

அதே 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து பழைய பிலிம் சுருள்கள் கிடைத்த செய்தி வெளியானது. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் ஆறு பகுதிகளில் ஐந்து இப்போது நம்மிடம் இருக்கின்றன. இல்லாதது மூன்றாவது. கர்னல் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டின் முகம் முதன்முதலாகத் தெரிந்த பகுதி அது. ஒலி மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்து ரசிகர்கள் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது.

நிக்கோலஸ் கோர்ட்னி 2011 பிப்ரவரியில் காலமானார். அந்த வருஷம் அக்டோபரில் வந்த கதையில் டாக்டர் தன் சாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். கால இயந்திரம் கையில் இருக்கும்போது என்ன அவசரம், இன்னும் போக வேண்டிய இடம் எத்தனையோ என்று வீம்பு பேசியபடி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போடுகிறார். பிரிகேடியரைக் கூப்பிடச் சொல்கிறார். சில மாதங்களுக்கு முன் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார் என்று நர்ஸ் சொல்கிறாள். உங்களைப் பற்றி நிறையப் பேசுவார், என்றைக்காவது நீங்கள் வந்தால் வேண்டுமே என்று இன்னொரு கிளாஸ் பிராந்தியும் ஊற்றி வைக்கச் சொல்வார் என்கிறாள். அது எந்த வருஷம் என்று அந்தக் காட்சியில் யாரும் சொல்லவில்லை.

(தொடரும்)