சிசேரியன்: தேவையும் பழக்கமும்

சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டரம்மா, வர்ற புதன்கிழமை பொண்ணுக்கு 37 வாரம் முடியுது. அன்னிக்குக் காலையில 9 மணிக்குள்ள குழந்தை பிறந்தா ராஜயோகம்னு ஜோசியர் சொல்றார். சிசேரியன் பண்ணிடலாமா?" என்றார். தாய்க்கும் சேய்க்கும் ஒரு குறையும் இல்லை. மும்பையில் 30 ஆண்டுகள் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் காரணம். ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் இந்தப் பெயர் என்பார்கள். அது நம்பத்தக்கதல்ல. சீசர் வளர்ந்து படை நடத்திய காலத்திலும் அவர் தாய் அவுரேலியா உயிரோடு இருந்தார். அந்நாளைய ரோமில், இறந்த கர்ப்பிணியின் வயிற்றைத்தான் கீறினார்கள். நம் நாட்டில் பிந்துசாரனைப் பற்றிச் சமணர் சொல்லும் கதையும் அதுவே. விஷம் கலந்த உணவை உண்ட அரசியின் வயிற்றைக் கீறிச் சாணக்கியர் குழந்தையை எடுத்தாராம். தாய் பிழைக்கவில்லை.

தாயும் சேயும் பிழைத்ததாக நன்கு பதிவான ஆரம்ப அறுவைகளில் ஒன்று, 1826-இல் கேப்டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற ராணுவ மருத்துவர் செய்தது. 1879-இல் உகாண்டாவில் ராபர்ட் ஃபெல்கின் கண்ட காட்சி இன்னும் வியப்பானது. நாட்டு வைத்தியர் ஒருவர் தாய்க்கு வாழைப்பழ மதுவைக் கொடுத்து, தம் கையையும் அவள் வயிற்றையும் அதிலேயே கழுவி, குழந்தையை எடுத்து, காயத்தை இரும்பு ஊசிகளால் இணைத்தார். இருவரும் பிழைத்தார்கள்.

ஐரோப்பாவிலோ கருப்பையைத் தைக்காமலே விட்டதால் பெண்கள் ரத்தப்போக்கிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். 1876-இல் இத்தாலியின் போரோ, கருப்பையையே அகற்றித் தாயைக் காப்பாற்றினார். 1882-இல் ஜெர்மனியின் சேங்கர் கருப்பையைத் தைக்கும் முறையை வகுத்தார். பிறகு அடிப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை, ரத்தம் ஏற்றுதல், பென்சிலின் எல்லாம் சேர்ந்து இதைப் பத்திரமான சிகிச்சையாக்கின.

நான் கத்திக்கு எதிரியல்ல. என் பாட்டியின் தங்கை, குழந்தை குறுக்கே கிடந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று நாள் வலியோடு போராடி இறந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சு கருப்பை வாயை அடைத்திருந்தாலும், சிசுவின் இதயத்துடிப்பு இறங்கினாலும் இந்த ஆபரேஷன்தான் உயிர் காக்கும்.

ஆனால் இது சும்மா இல்லை. வயிற்றைத் திறக்கும் பெரிய ஆபரேஷன். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காலில் ரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகள் சுகப்பிரசவத்தைவிட அதிகம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் வேரோடிப் போகலாம். ஒவ்வொரு சிசேரியனுக்கும் அந்த ஆபத்து ஏறும். 39 வாரத்துக்கு முன் காரணமின்றி எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறலும் அதிகம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 47.4, அரசு மருத்துவமனைகளில் 14.3. தமிழ்நாட்டில் மொத்தம் 44.9, நாகாலாந்தில் 5.2. பத்து சதவீதத்துக்கு மேல் போனால் தாய்-சேய் மரணம் அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஆக, ஓரிடத்தில் வேண்டியவளுக்குக் கிடைக்கவில்லை. மற்றோரிடத்தில் வேண்டாதவளுக்கும் நடக்கிறது.

அன்பர் அரைமனதோடு காத்திருந்தார். 40-ஆவது வாரத்தில் வலி வந்தது, குழந்தையின் துடிப்பு இறங்கியது, கடைசியில் சிசேரியன்தான். "அப்பவே பண்ணியிருக்கலாமே, டாக்டரம்மா" என்றார். "இல்லை ஐயா. அன்னிக்குக் காரணம் இல்லை, இன்னிக்கு இருந்தது. அந்த மூணு வாரத்துல குழந்தையோட நுரையீரல் இன்னும் நல்லாப் பக்குவப்பட்டுது" என்றேன்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு டாக்டர் சிசேரியன் என்றால் பயப்பட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "என்ன காரணம்? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவசரம் என்றால் உடனே சம்மதியுங்கள். நேரம் குறிக்கும் வேலையை மட்டும் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.