கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க: ஆக்‌ஷன் கேமரா வீடியோவை கம்ப்யூட்டருக்கு மாத்துறது எப்படி?

போன வருஷம் அப்பாவை பைக்ல கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போனேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஹெல்மெட்ல ஆக்‌ஷன் கேமரா. மேல போய் இறங்கினதும் அப்பா சின்னப் பையன் மாதிரி சிரிச்சார். அந்த கிளிப் இப்போ என்கிட்ட இல்லை. கேமரா மேல தப்பில்லை, தப்பு என்னோடது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல கணக்கு. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட்னு வச்சுக்குவோம். 8 பிட் ஒரு பைட். அப்போ நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 20 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்துல இதை கிளவுடுக்கு ஏத்தினா 5 மணி நேரம் ஆகும். அதனால ஒயர்தான் நமக்கு வழி.

ஆனா எந்த ஒயர்? போன் சார்ஜ் போடுற டைப்-சி கேபிள் நிறைய, உள்ளுக்குள்ள யுஎஸ்பி 2.0தான். நிஜத்துல நொடிக்கு 35 எம்பி போனாலே பெரிய விஷயம். 45 ஜிபிக்கு 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். கார்டைக் கழட்டி, யுஎஸ்பி 3.0 கார்டு ரீடர்ல போட்டு, நல்ல கார்டா இருந்து 90 எம்பி வேகம் கிடைச்சா 8 நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சிரும். ரீடரை டெஸ்க்டாப்ல யுஎஸ்பி 3.0 போர்ட்லதான் சொருகணும். பெரும்பாலும் உள்ள நீல நிறம் இருக்கும்.

அடுத்து, ஒரே ஷாட் ஏன் பல ஃபைலா வருதுன்னு கேக்குறீங்க. எஃப்ஏடி32 ஃபார்மேட்ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால கேமராக்கள் வீடியோவைத் துண்டு துண்டா எழுதிப் பழகிடுச்சு. கோப்ரோல ஜிஎக்ஸ்010045, ஜிஎக்ஸ்020045ன்னு வந்தா, 0045 என்பது ஷாட் நம்பர், அதுக்கு முன்னாடி இருக்கிற 01, 02 துண்டு நம்பர். பேர் வரிசையில அடுக்கினா எல்லா ஷாட்டோட முதல் துண்டும் முன்னாடி வந்துரும், ஒரே ஷாட்டோட துண்டுகள் பிரிஞ்சு போயிரும். கூடவே வர்ற எல்ஆர்வி ஃபைல் குறைஞ்ச தரத்துல இருக்கிற பிரதி, டிஹெச்எம் சின்னப் படம். ரெண்டையும் விட்டுட்டாலும் பரவாயில்லை.

இப்போ என் கதை. வீட்ல லினக்ஸ் டெஸ்க்டாப். கார்டுல இருந்ததை கட் பண்ணி, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல பேஸ்ட் பண்ணேன். 100 சதவீதம்னு காட்டுச்சு. உடனே ஒயரைப் பிடுங்கிட்டேன். ஆனா அந்த 100 சதவீதம் "ரேமுக்கு வந்துருச்சு"ன்னுதான் அர்த்தம். டிஸ்க்ல எழுதுறது பின்னாடி நடந்துக்கிட்டே இருக்கும். கடைசியா போன ஃபைல்கள் பாதியில நின்னுருச்சு. அதைப் பாக்காமலே கார்டை ஃபார்மேட் பண்ணி, அடுத்த வாரம் வேற ட்ரிப்ல அது நிறைய ஷூட் பண்ணிட்டேன். ஃபோட்டோரெக் வச்சுத் தேடினேன். மேல புதுசு எழுதிட்டதால பழசு கிடைக்கலை.

அதனால இப்போ நான் பண்றது இதுதான். கட் கிடையாது, காப்பி மட்டும். முடிஞ்சதும் 'எஜெக்ட்' கொடுத்து, "இப்போ எடுக்கலாம்"னு சொன்ன பிறகுதான் கையை வைப்பேன். திரும்பச் சொருகி, ரெண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் எடுத்து ஒப்பிட்டுப் பாப்பேன். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிடும். கழட்டிச் சொருகுறது ஏன்னா, இல்லாட்டி கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் படிக்காம ரேம்ல இருக்கிறதையே படிச்சு "சரி"ன்னு சொல்லிரும். இன்னொரு டிஸ்க்லயும் ஒரு பிரதி ஏறின பிறகுதான் கார்டை ஃபார்மேட் பண்ணுவேன், அதுவும் கேமராக்குள்ளயே.

இதுக்கெல்லாம் கூடுதலா அரை மணி நேரம் ஆகும். ஆனா அப்பாவுக்கு இப்போ முட்டி ஆபரேஷன் ஆயிருச்சு, பைக் ஏற முடியாது. "அந்த வீடியோவைப் போடுடா"ன்னு அப்பப்போ கேப்பார். 65வது வளைவு வரைக்கும் போட்டுக் காட்டுவேன்.